பலர் கையில் ஒரே பேரேடு



"பிளாக்செயின்" என்கிற வார்த்தையை உங்களில் பலர் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வாயிலாகக் கேட்டிருப்பீர்கள். அதிகாரத்தில் உள்ளவர்கள் கணக்கைப் புரட்டாதபடியும் ஆவணங்களை மாற்றி எழுதாதபடியும் காக்கும் கருவி அது என்று சொல்லப்படுகிறது. மிஷன் ஆஸ்பத்திரிகளும் அதைப் பயன்படுத்தலாமே என்று ஆதரவாளர் சிலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். செமினரியில் எபிரெயமும் கிரேக்கமும் படித்த எனக்கு இது மூன்றாவது அந்நிய பாஷை. ஆனாலும், கேட்டும் வாசித்தும் விளங்கிக்கொண்டதை எல்லாருக்கும் புரியும்படி எழுத முயல்கிறேன்.

முதலில் ஓர் எச்சரிப்பு. பிளாக்செயின் என்றவுடன் பிட்காயின் நினைவுக்கு வரும். சத்தோஷி நாகமோட்டோ என்ற புனைபெயரில் 2008-ல் வெளியிடப்பட்ட ஒரு திட்டத்தின்படி 2009 ஜனவரியில் தொடங்கிய கணினிப் பணம் அது. இவ்வகை நாணயங்களில் பணம் போட்டால் பெருகும், இது தேவ சித்தம் என்று சொல்லிச் சபை மக்களிடம் வருகிறவர்களும் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநில அதிகாரிகள் 2024 ஜனவரியில் டென்வர் நகரப் போதகர் ஒருவர்மீதே வழக்குத் தொடுத்தார்கள். மதிப்பில்லாத ஒரு கணினி நாணயத்தைக் கிறிஸ்தவர்களைக் குறிவைத்து விற்று, 300-க்கும் மேற்பட்டவர்களிடம் ஏறத்தாழ 32 லட்சம் டாலர் திரட்டினார் என்பது குற்றச்சாட்டு. நான் எழுதப்போவது அந்த வியாபாரத்தைப் பற்றி அல்ல. அந்த நாணயங்களுக்கு அடியில் இருக்கும் கணக்கு எழுதும் முறையைப் பற்றி மட்டுமே.

லூக்கா 16-ல் வருகிற அநீதியுள்ள உக்கிராணக்காரனை நினைத்துக்கொள்ளுங்கள். எஜமானுடைய கடனாளிகளை அவன் தனித்தனியே வரவழைக்கிறான். நூறு குடம் எண்ணெய் என்றிருந்த சீட்டை ஐம்பது என்று எழுதச் சொல்கிறான். பார்க்க வேறு ஆள் இல்லை. சீட்டுக்கு மறுபிரதியும் இல்லை. அவனுடைய சாமர்த்தியம் அந்த இடைவெளியில்தான் செல்லுபடியாகிறது. இந்த இடைவெளியை அடைப்பதே பிளாக்செயினின் வேலை.

எப்படி அடைக்கிறது? உங்கள் சபைக் கமிட்டியின் மினிட்ஸ் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்கத்தையும் எழுதி முடித்ததும், அதில் உள்ள எழுத்துக்கள் அனைத்தையும் கொண்டு ஒரு நீண்ட எண்ணைக் கணினி உண்டாக்குகிறது. அதை அந்தப் பக்கத்தின் முத்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் முத்திரை முழுவதும் வேறாகிவிடும். இந்த முத்திரை அடுத்த பக்கத்தின் தலைப்பில் எழுதப்படுகிறது. அந்தப் பக்கத்தின் முத்திரை அதற்கடுத்த பக்கத்தில். இப்படிப் பக்கங்கள் சங்கிலியாகக் கோக்கப்படுகின்றன. ஆகவே ஐந்தாம் பக்கத்தில் ஓர் எண்ணைத் திருத்த விரும்புகிறவன் ஆறாம் பக்கத்தையும், ஏழாம் பக்கத்தையும், கடைசிப் பக்கம் வரைக்கும் திருத்த வேண்டும்.

அதையும் ஒருவன் இரவோடிரவாகச் செய்துவிடலாமே என்பீர்கள். செய்யலாம், புத்தகம் அவனிடம் மட்டும் இருந்தால். இங்கேதான் இரண்டாவது ஏற்பாடு வருகிறது. அதே புத்தகத்தின் பிரதி செயலாளர் வீட்டில், பொருளாளர் வீட்டில், ஊர் சபைகள் ஒவ்வொன்றிலும் இருக்கிறது. புதுப் பக்கம் சேரும்போது எல்லாப் பிரதிகளிலும் சேருகிறது. ஒருவருடைய புத்தகம் மற்றவர்களுடையதோடு ஒத்துப்போகாவிட்டால் அது உடனே தெரிந்துவிடும். பெரும்பாலானோர் கூட்டுச் சேர்ந்தாலன்றிப் பழைய பக்கத்தை மாற்ற முடியாது. இவ்வளவுதான் பிளாக்செயின். மற்றவை கணித நுணுக்கங்கள்.

இந்த யோசனை பிட்காயினுக்கு முந்தியது. ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டார்னெட்டா என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1991-ல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். 1995 முதல் அவர்களுடைய நிறுவனம், வாரத்துக்கு ஒருமுறை அந்த முத்திரை எண்ணை நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில், காணாமற்போன பொருட்களுக்கான சிறு விளம்பரங்களின் நடுவே அச்சிடத் தொடங்கியது. கணினியில் உள்ளதை யாராவது மாற்றலாம். லட்சக்கணக்கான வீடுகளுக்கும் நூலகங்களுக்கும் போய்விட்ட பத்திரிகையை யார் மாற்றுவது?

வேதத்தை வாசிக்கிறவர்களுக்கு இது இன்னும் பழையது. எஸ்றா 8-ஆம் அதிகாரத்தில் பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு வெள்ளியும் பொன்னும் கொண்டுபோகப்படுகிறது. எஸ்றா அதைத் தான் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. ஆசாரியரில் பன்னிரண்டு தலைவர்களைப் பிரித்தெடுத்து, அவர்கள் கையில் நிறுத்துக் கொடுக்கிறார். எருசலேம் வந்த நாலாம் நாளில் தேவாலயத்தில் மறுபடியும் நிறுக்கப்படுகிறது. வாங்குகிறவர்கள் வேறு ஆட்கள். ஆசாரியர்களோடு லேவியரும் நிற்கிறார்கள். நிறை எழுதி வைக்கப்படுகிறது. எஸ்றா நல்லவர், வேதபாரகர். நல்லவருக்கும் அந்த ஏற்பாடு தேவையாயிருந்தது.

புத்தகம் ஒரே தரப்பின் கையில் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் காலத்தில் பிரிட்டனில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே சிற்றூர்களில் தபால் நிலையத்தைப் பெரும்பாலும் கடைக்காரர் ஒருவர் ஒப்பந்தத்தின்பேரில் நடத்துவார். 1999 முதல் அவர்களுடைய கணக்குகள் "ஹொரைசன்" என்ற கணினி முறைக்கு மாற்றப்பட்டன. அதை அமைத்துப் பராமரித்தது ஃபுஜிட்சு நிறுவனம். சில காலத்திற்குள் பல ஊர்களில் கணக்கில் பணம் குறைவதாகக் கணினி காட்டத் தொடங்கியது. ஒப்பந்தப்படி குறைவை அந்தக் கடைக்காரரே கட்ட வேண்டும். கட்டினார்கள். சேமிப்பைப் போட்டார்கள், வீட்டை அடமானம் வைத்தார்கள், உறவினரிடம் கடன் வாங்கினார்கள். கணினியில் தவறு இருக்கலாம் என்று சொன்னவர்களில் பலரிடம், உங்களுக்கு மட்டுந்தான் இந்தப் பிரச்சினை, வேறு எவருக்கும் இல்லை என்று சொல்லப்பட்டது. 1999 தொடங்கி 2015 வரை 900-க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க் கணக்கு ஆகிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் சுமார் 700 பேர்மீது வழக்கு நடத்தியது தபால் நிறுவனமே.

இந்தியாவில் பிறந்த சீமா மிஸ்ரா என்ற சகோதரி அவர்களில் ஒருவர். 74,000 பவுன் திருடியதாகச் சொல்லி 2010 நவம்பரில் அவருக்குப் பதினைந்து மாதச் சிறைத்தண்டனை விதித்தார்கள். அன்று அவருடைய மூத்த மகனுக்குப் பத்தாவது பிறந்தநாள். அவர் வயிற்றில் எட்டு வாரக் கரு.

அந்தக் கடைக்காரர்களால் ஏன் தங்களைக் காத்துக்கொள்ள முடியவில்லை? பேரேடு அவர்கள் கையில் இல்லை. திரையில் தெரிகிற தொகையை ஏற்றுக்கொள்வதைத் தவிர அவர்களிடம் வேறு சான்று இல்லை. கணினி சரியாகத்தான் இயங்கியது என்றே இங்கிலாந்துச் சட்டமும் அனுமானித்தது. வெளியிலிருந்து யாரும் கிளைக் கணக்கில் கை வைக்க முடியாது என்று தபால் நிறுவனம் பல ஆண்டுகள் சாதித்தது. ஆலன் பேட்ஸ் என்பவருடைய தலைமையில் 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில், 2019 டிசம்பரில் நீதிபதி ஃப்ரேசர் தீர்ப்பளித்தார். கணினியில் பிழைகள் இருந்தன, அவை கணக்கில் குறைவைக் காட்டக்கூடியவை, கடைக்காரருக்குத் தெரியாமலே தொலைவிலிருந்து கணக்கை மாற்றவும் முடிந்தது என்று அவர் கண்டார். 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சீமா மிஸ்ரா உட்பட 39 பேருடைய தண்டனையை ரத்து செய்தது. 2024 மே மாதத்தில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் எஞ்சியவர்களில் பெரும்பாலோருடைய தண்டனைகளை ஒரே சட்டத்தால் நீக்கியது. இதன் காரணமாகக் குறைந்தது 13 பேர் தற்கொலை செய்துகொண்டிருக்கக்கூடும் என்று 2025 ஜூலையில் விசாரணை ஆணையத்தின் முதல் அறிக்கை கூறிற்று.

ஒவ்வொரு நாளும் கடையை மூடும்போது அன்றைய கணக்கின் முத்திரையிட்ட பிரதி கடைக்காரர் கையிலும், வேறொரு நடுநிலையான இடத்திலும் இருந்திருந்தால், கணினியின் பிழைகள் அப்போதும் வந்திருக்கும். ஆனால் மறைவாகக் கை வைத்தது தெரிந்திருக்கும். அதிகாரியின் புத்தகத்துக்கு எதிரே வைக்க, ஏழையின் கையிலும் ஒரு புத்தகம் இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரிக்காரர்களாகிய நாங்கள் கவனிக்க வேண்டியது எஸ்தோனியாவை. பால்டிக் கடலோரம் உள்ள, சுமார் 13 லட்சம் ஜனங்களைக் கொண்ட சிறிய தேசம் அது. 2007-ல் அதன் அரசாங்க, வங்கிக் கணினிகள் கடும் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயின. வெளியிலிருந்து வருகிறவன் மட்டுமல்ல, உள்ளே சாவி வைத்திருக்கிற ஊழியனும் பதிவை மாற்றக்கூடும் என்கிற கேள்வி அந்த ஆண்டுகளில் அங்கே எழுந்தது. முக்கியமான அரசுப் பதிவேடுகளுக்கும், பின்னர் நோயாளர் பதிவேடுகளுக்கும், நான் மேலே சொன்னதுபோன்ற முத்திரைச் சங்கிலியை அமைத்தார்கள். இதை உண்மையான பிளாக்செயின் என்று சொல்லலாமா என்று நிபுணர்கள் வாதாடுகிறார்கள். அந்த வாதத்தை அவர்களுக்கே விட்டுவிடுவோம். நோயாளியின் வியாதி விவரம் அந்தச் சங்கிலியில் எழுதப்படுவதில்லை. முத்திரை மட்டுமே எழுதப்படுகிறது. ஆகவே இரகசியம் இரகசியமாகவே இருக்கிறது.

எனக்கு அதைவிடப் பெரிதாய்த் தோன்றியது வேறொன்று. அங்கே ஒரு நோயாளி தன் கணினியைத் திறந்து, தன்னுடைய மருத்துவக் கோப்பை எந்த டாக்டர், எந்தத் தேதியில் பார்த்தார் என்று தானே பார்க்கலாம். காரணமின்றிப் பார்த்திருந்தால் கேள்வி கேட்கலாம். பார்த்தவர் அந்தத் தடயத்தைச் சத்தமில்லாமல் அழிக்க முடியாது. வார்டுகளில் இத்தனை ஆண்டுகள் நடந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், கட்டிலில் படுத்திருக்கிறவனுக்கும் கட்டில் அருகே நிற்கிறவனுக்கும் இடையே உள்ள அதிகார வித்தியாசம் மிகப் பெரியது. அவனுடைய கேஸ் ஷீட் நம்முடைய எழுத்து, நம்முடைய பாஷை, நம்முடைய அலமாரி.

இனி மறுபக்கம். ஜோர்டானில் அஸ்ராக் என்ற முகாமில் உள்ள சீரிய அகதிகளுக்கு உணவு உதவி வழங்க, ஐக்கிய நாடுகளின் உலக உணவுத் திட்டம் 2017-ல் பிளாக்செயினைப் பயன்படுத்தியது. முதலில் 10,000 பேருக்கு. அகதி கடையில் பொருளை எடுத்து, கருவியின் முன் கண்ணைக் காட்டினால் போதும், கணக்கில் கழிந்துவிடும். வங்கிக்குப் போகும் கட்டணம் பெருமளவு மிச்சமானது. நல்ல காரியம்தான். ஆனால் ஆரம்பத்தில் அந்தப் பேரேட்டை வைத்திருந்தது அந்த நிறுவனம் மட்டுமே. அகதியின் கையில் பிரதியும் இல்லை, சாவியும் இல்லை. அவரிடமிருந்து எடுக்கப்பட்டது கண்ணின் அடையாளம். பிளாக்செயின் என்று பெயர் வைத்துவிட்டால் அதிகாரம் பகிரப்பட்டுவிடாது. பிரதிகள் யார் கையில் என்று கேட்க வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு, அது எந்தக் கணிதத்தாலும் தீராதது. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை நினையுங்கள். யேசபேல் ராஜாவின் பேரில் நிருபம் எழுதி, ராஜாவின் முத்திரையையே போட்டாள். மூப்பர்கள் கூடினார்கள், இரண்டு சாட்சிகள் வந்தார்கள், முறைப்படி எல்லாம் நடந்தது. அன்று ஒரு பிளாக்செயின் இருந்திருந்தால், அந்தப் பொய்ச் சாட்சியை ஒரு எழுத்தும் மாறாமல் என்றென்றைக்கும் காத்து வைத்திருக்கும். சங்கிலி எழுதினதைக் காக்கும். எழுதினது மெய்யா என்று பார்க்காது. பார்க்க எலியாவைப்போல் ஒரு ஆள் தோட்டத்துக்கு நடந்துபோக வேண்டியிருந்தது.

நம் மருத்துவமனைக்கு இது தேவையா? பொதுவான ஒரு தணிக்கையாளரை நம்பாத பல தரப்புகள் சேர்ந்து கணக்கு வைக்கும் இடத்தில்தான் பிளாக்செயினின் செலவு நியாயமாகும் என்பது என் எண்ணம். நாம் வெளித் தணிக்கையாளரைக் கொண்டிருக்கிறோம். காணிக்கைப் பெட்டியை இருவர் இருந்தே திறக்கிறோம், எண்ணி இருவரும் கையெழுத்திடுகிறோம். மருந்து அலமாரியிலும் அதே முறை. ஆனால் அந்த முறையின் கருத்து நமக்குத் தேவை, முக்கியமாக நோயாளர் பதிவுகளில். கேஸ் ஷீட்டில் தவறாக எழுதிவிட்டால் வெள்ளை மை பூசக்கூடாது, ஒரே கோடு இழுத்து, அடியில் உள்ளது வாசிக்கும்படி விட்டு, கையெழுத்தும் தேதியும் நேரமும் போட வேண்டும் என்று செவிலிய மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். காகிதத்தில் செய்யப்படும் பிளாக்செயின் என்றே அதைச் சொல்லலாம்.

நம் பதிவுகள் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கணினிக்கு மாறிவருகின்றன. கணினியில் கோடு இழுப்பதில்லை. பழையது மறைந்து புதியது வந்துவிடும். ஆகவே இதை அமைத்துத் தருகிறவர்களிடம் நான் இரண்டு கேள்விகள் கேட்கச் சொல்லியிருக்கிறேன். தடயமில்லாமல் ஒரு பதிவை மாற்றக்கூடியவர் யாராவது உண்டா, உண்டானால் அவர் யார்? நோயாளி கேட்டால், அவருடைய கோப்பைத் திறந்தவர்களின் பட்டியலைக் கொடுக்க முடியுமா? வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வார்டு எழுத்தர் வாசித்துக் காட்டலாம்.

ஆதரவாளர்களாகிய உங்களிடத்தில் ஒரு வேண்டுகோள். நாங்கள் அனுப்பும் ரசீதின் கார்பன் பிரதி எங்கள் புத்தகத்தில் இருக்கிறது. மூலம் உங்கள் வீட்டில் இருக்கிறது. எங்கள் கை எட்டாத இடத்தில் இருக்கும் பேரேடு அதுவே. தயவுசெய்து அதைக் கிழித்துவிடாதிருங்கள். இவ்விதழின் கடைசிப் பக்கத்தில் இந்தக் காலாண்டில் வந்த காணிக்கைகள் ரசீது எண் வரிசையில் அச்சாகியிருக்கின்றன. உங்கள் எண்ணைத் தேடிப் பாருங்கள். தொகையில் ஒரு ரூபாய் வித்தியாசம் இருந்தாலும், அல்லது எண்ணே இல்லாவிட்டாலும், கணக்கு அலுவலகத்துக்கு ஒரு தபால் அட்டை எழுதுங்கள். அதே விவரத்தைத் தணிக்கையாளருக்கும் தனியாக எழுதலாம். அவருடைய விலாசம் பட்டியலின் கீழே கொடுக்கப்பட்டிருக்கிறது.