பேச்சு வரத் தாமதமா? முதலில் பார்க்க வேண்டியது காதை!

'என்ன, பையன் இன்னும் பேச ஆரம்பிக்கலையா?' - கல்யாண வீடு, காதுகுத்து, வளைகாப்பு என எங்கே போனாலும் 2 வயதுக் குழந்தையின் அம்மாவைத் துரத்தும் கேள்வி இது. கேட்டவரே ஆறுதலும் சொல்லிவிடுவார். 'கவலைப்படாதே... இவன் அப்பாவே மூணு வயசுலதான் வாய் திறந்தான். இப்ப பாரு, மூடவே மாட்டேங்கிறான்!' எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வருவார். அப்படியே ஆறு மாதம் ஓடிவிடும்.

அந்த ஆறு மாதம்தான் சிக்கல். தாமதமாகப் பேசும் குழந்தைகளில் பலர் தாமாகவே மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள் என்பது உண்மை. ஆனால், எந்தக் குழந்தை எட்டிப் பிடிக்கும், எந்தக் குழந்தை பின்தங்கும் என்று வீட்டில் உட்கார்ந்து சொல்ல யாராலும் முடியாது. அப்பா தாமதமாகப் பேசினார் என்பது அப்பாவின் கதை. குழந்தைக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்ற கேள்விக்கு அது பதிலாகாது. மூளை மொழியை மிக வேகமாக உள்வாங்குவது முதல் 3 வயதுக்குள். பரிசோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்தால் நஷ்டம் ஒரு நாள். பார்க்காமல் விட்டால் போவது வருடக்கணக்கு.

வார்த்தைக்கு முன்பே பேச்சு தொடங்குகிறது

குழந்தை 'அம்மா' என்று சொல்லும் நாளைத்தான் எல்லோரும் எதிர்பார்த்திருக்கிறார்கள். அதற்கு வெகுமுன்பே பேச்சுக்கான வேலை ஆரம்பித்துவிடுகிறது. 2, 3 மாதத்தில் 'ங்கா' என்று குரல் கொடுப்பது, 9 மாதம் வாக்கில் 'பாபாபா', 'தாதாதா' என்று அடுக்குவது, பெயர் சொன்னால் திரும்புவது, ஒரு வயதை ஒட்டி விரலை நீட்டி நாயையோ நிலாவையோ காட்டுவது - எல்லாமே பேச்சின் கணக்கில் சேரும். இதில் விரல் நீட்டுவதைத்தான் பெற்றோர் அதிகம் கவனிப்பதில்லை. 'நான் பார்ப்பதை நீயும் பார்' என்று இன்னொருவரை அழைப்பது அது. வார்த்தை இல்லாத முதல் வாக்கியம் என்றே சொல்லலாம்.

ஒரு வயதில் ஒன்றிரண்டு வார்த்தைகள், 2 வயதில் 50 வார்த்தைகள் வாக்கில், கூடவே 'அம்மா வா', 'பால் வேணும்' என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசுவது, 3 வயதில் வெளியாருக்கும் பெரும்பாலும் புரியும் சிறு வாக்கியங்கள் - இதுதான் பொதுவான கணக்கு. 'வார்த்தை' என்றால் அகராதிச் சொல்லாக இருக்க வேண்டியதில்லை. சோற்றுக்கு 'மம்மு', தண்ணீருக்கு 'தூத்தூ' என்று ஒரு பொருளுக்கு எப்போதும் ஒரே ஒலியைச் சொன்னால் அதுவும் ஒரு வார்த்தைதான். 'வாழைப்பழம்' என்பதை 'வாயப்பயம்' என்று சொல்லும் 3 வயதுக் குழந்தைக்காகவும் பதற வேண்டாம். ழ, ற போன்ற ஒலிகள் பிடிபட நாளாகும்.

எப்போது காத்திருக்கக் கூடாது? ஒரு வயதாகியும் மழலை ஒலியோ, டாட்டா காட்டுவது, விரல் நீட்டுவது போன்ற சைகைகளோ இல்லையென்றால். 16 மாதத்தில் ஒரு வார்த்தைகூட வரவில்லையென்றால். 2 வயதில் இரண்டு சொல் சேரவில்லையென்றால். எல்லாவற்றையும்விட முக்கியம், வந்த பேச்சு நின்று போவது. நேற்றுவரை சொன்ன நாலு வார்த்தையைக் குழந்தை இப்போது சொல்வதில்லை என்றால், எந்த வயதானாலும் அந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே கவனிக்கக்கூடிய ஒன்று உண்டு. கையால் காட்டாமல், கண்ணாலும் ஜாடை செய்யாமல், 'செருப்பை எடுத்துட்டு வா' என்று ஒன்றரை வயதுக் குழந்தையிடம் சொல்லிப் பாருங்கள். பேச்சு வராவிட்டாலும் சொன்னது புரிந்து போய் எடுத்து வருகிற குழந்தையின் நிலை வேறு. சொன்னதே புரியாமல் நிற்கிற குழந்தையின் நிலை வேறு. இரண்டாமவரை இன்னும் சீக்கிரம் அழைத்துப் போக வேண்டும்.

'தட்டு விழுந்தா திரும்புறானே!'

பேசாத குழந்தைக்கு முதலில் செய்ய வேண்டியது காது பரிசோதனை. இதைச் சொன்னால் பெற்றோரிடமிருந்து வரும் முதல் பதில், 'அதெல்லாம் நல்லா கேக்குது. சமையலறையில தட்டு விழுந்தா உடனே திரும்புறான்' என்பதுதான். தட்டு விழும் சத்தமும் கதவு அறையும் சத்தமும் வேறு, பேச்சு வேறு. ஓரளவு மட்டும் கேட்கும் குறைபாடு இருந்தால் பட்டாசு கேட்கும், பைக் கேட்கும். 'ச', 'ப', 'த' போன்ற மெல்லிய ஒலிகள் நழுவிவிடும். அந்தக் குழந்தைக்கு நம் பேச்சு பாதி எழுத்து அழிந்த கடிதம் போல. அதிலிருந்து மொழியைக் கற்றுக்கொள்வது எப்படி?

பிறந்தவுடன் மருத்துவமனையில் காது பரிசோதித்து 'பாஸ்' என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் மறுபடி பார்ப்பது நல்லது. கேட்கும் திறன் பிறகும் குறையலாம். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்து, சில வாரம் கேட்டும் சில வாரம் மந்தமாகவும் இருக்கும். குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தை, கடுமையான மஞ்சள் காமாலையோ மூளைக்காய்ச்சலோ வந்த குழந்தை, குடும்பத்தில் ஏற்கெனவே யாருக்காவது பிறவியிலேயே காது கேளாத குழந்தை - இவர்களைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மாமன் மகள், அத்தை மகன் என்று நெருங்கிய உறவில் மணம் முடித்தவர்களின் குழந்தைகளுக்கு மரபுவழிக் காதுக் குறைபாட்டின் வாய்ப்பு அதிகம். நம் ஊரில் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

குறை இருந்தால் செவித்துணைக் கருவியைக் கைக்குழந்தைக்கே பொருத்தலாம். அது போதாத குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை இருக்கிறது. பல லட்ச ரூபாய் ஆகும் இந்தச் சிகிச்சை, தமிழகத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் செய்யப்படுகிறது. வயது ஏற ஏறப் பலன் குறையும் சிகிச்சை இது. அப்பா கதையைச் சொல்லிக் காத்திருந்த குடும்பங்கள் இங்கேதான் இழக்கின்றன.

நாக்கும் வசம்பும் செல்போனும்

காதை விட்டுவிட்டு ஊர் மற்ற எல்லாவற்றையும் சந்தேகிக்கும். முதலில் நாக்கு. 'அடிநாக்கு ஒட்டியிருக்கு, வெட்டிவிட்டா பேசிடும்' என்பார்கள். நாக்கு ஒட்டியிருந்தால் பால் குடிப்பதிலும், சில நேரம் உச்சரிப்பிலும் சிரமம் வரலாம். ஆனால், ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருப்பதற்கு அது காரணமல்ல. அடுத்தது வசம்பு. 'பிள்ளை வளர்ப்பான்' என்று பெயர் வாங்கியது என்றாலும், அதை உரசி நாக்கில் தடவுவதைக் குழந்தை மருத்துவர்கள் ஏற்பதில்லை. ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. கோயிலுக்கு வேண்டிக்கொள்வதில் தவறில்லை. வேண்டுதல் நிறைவேறும் வரை பரிசோதனையைத் தள்ளிவைப்பதில்தான் தவறு.

இப்போதைய புது எதிரி செல்போன். 2 வயது வரை திரையே வேண்டாம், 5 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பதுதான் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. போன் பதில் பேசாது, குழந்தையின் முகம் பார்க்காது. அதனால் பாட்டு முழுவதையும் ஒப்பிக்கிற, ஏ முதல் இசட் வரை சொல்கிற குழந்தைக்கு 'தண்ணி வேணும்' என்று கேட்கத் தெரியாமல் இருக்கலாம். ஒப்பிப்பது வேறு, பேசுவது வேறு. அதே சமயம், 'எல்லாம் போன்தான் காரணம், நிறுத்தினா சரியாகிடும்' என்று முடிவு கட்டி இன்னும் ஆறு மாதம் காத்திருப்பதும் பழைய அப்பா கதையின் புதுப் பதிப்புதான். போனை நிறுத்துங்கள், பரிசோதனைக்கும் போங்கள். பெயர் சொன்னால் திரும்பாமல், விரல் நீட்டிக் காட்டாமல், முகம் பார்க்காமல் இருந்தால் ஆட்டிசத்துக்கான மதிப்பீடும் தேவைப்படலாம். அதன் முடிவு வரும்வரை பேச்சுப் பயிற்சியை நிறுத்திவைக்கத் தேவையில்லை.

இரண்டு மொழி வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பா தெலுங்கு, அம்மா தமிழ் என்பதால் பேச்சு தாமதமாவதில்லை. இரண்டு மொழியிலும் தெரிந்த சொற்களைக் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும். சிக்கல், வீட்டில் யாருக்கும் சரளமாக வராத ஆங்கிலத்தில் குழந்தையோடு நாலே வார்த்தை பேசுவதில்தான். அம்மாவுக்கு எந்த மொழியில் கோபமும் கொஞ்சலும் வருமோ அந்த மொழியில் பேசினால் போதும்.

எங்கே போவது?

குழந்தை மருத்துவரிடம் தொடங்கலாம். காதுக்கு ஆடியாலஜிஸ்ட், பேச்சுக்கு ஸ்பீச் தெரபிஸ்ட். தெரபிஸ்டுக்கு இந்திய மறுவாழ்வுக் கழகத்தின், அதாவது ஆர்.சி.ஐ.யின் பதிவு எண் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். செலவுக்குத் தயங்குபவர்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தை நாடலாம். அரசு மருத்துவமனையில் 'டி.இ.ஐ.சி. எங்கே?' என்று கேட்டால் வழிகாட்டுவார்கள். 2013-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் இயங்கும் இந்த மையங்களில் கட்டணம் கிடையாது. அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவும் இங்கே அனுப்பிவைக்கும். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. அடையாறில் 1969 முதல் இயங்கும் பால வித்யாலயா, காது கேளாத சின்னஞ்சிறு குழந்தைகளுக்குக் கருவியின் துணையோடு பேசக் கற்றுத் தருகிறது.

பேச்சுப் பயிற்சி என்றதும் மருந்து, டானிக் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அங்கே நடப்பது விளையாட்டு. வாரத்தில் ஒன்றிரண்டு முறை, முக்கால் மணி நேரம். மீதி நேரமெல்லாம் குழந்தை இருப்பது வீட்டில்தான் என்பதால், தெரபிஸ்ட் கற்றுக்கொடுப்பது பாதிக்குப் பாதி பெற்றோருக்கு. தாத்தா, பாட்டியும் அதில் சேர வேண்டும். 'இது என்ன? சொல்லு... சொல்லு' என்று பரீட்சை வைக்காதீர்கள். குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றி நீங்கள் பேசுங்கள். அது 'பால்' என்றால் நீங்கள் 'சூடான பால்' என்று ஒரு சொல் கூட்டுங்கள். 'தோசையா, இட்லியா?' என்று கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள். 'சொன்னாத்தான் தருவேன்' என்று பசியோடு விளையாட வேண்டாம்.

உள்ளங்கையில் பருப்பு கடைந்து, ஆளுக்கொரு விரலாகப் பங்கு வைத்து, நண்டு ஊர்வதைப்போல் அக்குள் வரை விரல் நடத்திச் சிரிக்க வைக்கும் பாட்டி விளையாட்டு நினைவிருக்கிறதா? அது அருமையான பேச்சுப் பயிற்சி. நண்டு முழங்கையைத் தாண்டும்போது விரலைச் சட்டென நிறுத்திவிட்டுக் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். 'ம்!' என்றோ, கையை இழுத்தோ, கண்ணாலோ 'இன்னும்' என்று கேட்கும். கேட்டதும் நண்டு ஊரட்டும்.

இத்தனையிலும் பழி விழுவது அம்மா தலையில்தான். 'நீ வேலைக்குப் போறே, அதான்', 'நீ ஊமைக் கோட்டான், பிள்ளையும் அப்படித்தான்.' காதில் குறையோ, வளர்ச்சியில் தாமதமோ அம்மா பேசாததால் வருவதில்லை. இதை மருத்துவர் வாயால் வீட்டார் கேட்பது நல்லது என்பதால், முதல் சந்திப்புக்கு அப்பாவோ மாமியாரோ கூடப் போகட்டும்.

போகும்போது பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துச் செல்லுங்கள். குழந்தை சொல்லும் சொற்கள் அத்தனையையும், அரைகுறைச் சொற்கள் உட்பட, தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் விளையாடும்போது எடுத்த இரண்டு நிமிட வீடியோ ஒன்றும் இருக்கட்டும். புது இடத்தில் பல குழந்தைகள் வாயே திறக்காது. 'பெரா' எனும் காது பரிசோதனை என்றால் குழந்தை தூங்கும்போதுதான் எடுக்க முடியும். அன்றைக்குக் காலையில் சீக்கிரமே எழுப்பிவிடுங்கள், பஸ்ஸில் தூங்கவிடாதீர்கள்.