கணக்கில் வராத கண்காணிப்பு



அஸர் தொழுகையை முடித்த ஒரு தாய், இரவுச் சமையலுக்காக அடுக்களைக்குள் நுழைகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் சமையல் நடக்கிறது. இரண்டு வயதுப் பிள்ளை நிலைப்படியருகே விளையாடிக்கொண்டிருக்கிறது. அது அடுப்பண்டை வந்துவிடாமல், தண்ணீர் வாளியில் கவிழ்ந்துவிடாமல், கையில் அகப்பட்டதை வாயில் போட்டுக்கொள்ளாமல் தாயின் ஒரு கண் அதன் மீதே இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் அவள் செய்த வேலை என்ன? சமையலா, பிள்ளை வளர்ப்பா?

"இரண்டும்தான்" என்று நீங்கள் உடனே விடை கூறுவீர்கள். ஆனால், மக்கள் செலவிடும் நேரத்தைக் கணக்கெடுக்கும் அறிஞர்களுக்கோ இஃது அறுபது ஆண்டுகளாகத் தீராத சிக்கலாக இருந்து வருகிறது.

நாளை அளந்தவர்கள்

மனிதர்கள் தம் நாளின் 24 மணி நேரத்தை எவ்வாறு செலவிடுகின்றனர் என்று அறிவதற்கு 'நேரப் பயன்பாட்டு ஆய்வு' என்று பெயர். ஹங்கேரி நாட்டுச் சமூகவியல் அறிஞர் அலெக்சாண்டர் சாலாய் தலைமையில் 1965-66ஆம் ஆண்டுகளில் 12 நாடுகளில் இத்தகைய பேராய்வு ஒன்று நடத்தப்பெற்றது. அதன் முடிவுகள் 1972இல் பெருநூலாக வெளிவந்தன. பின்னர் 1970களில், வெவ்வேறு நாடுகள் வெவ்வேறு முறையில் நடத்திய ஆய்வுகளையெல்லாம் ஒரே வடிவத்திற்குக் கொண்டு வந்து ஒப்பிடும் பணியை பிரிட்டனின் ஜோனதன் கெர்ஷனி தொடங்கினார். 'பன்னாட்டு நேரப் பயன்பாட்டு ஆய்வு' எனப்படும் அத்தொகுப்பு இன்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேணப்படுகிறது.

இவ்வாய்வுகளில் பங்கு பெறுவோர் தம் ஒரு நாள் அலுவல்களை நாட்குறிப்பாக எழுதித் தருவர்; அல்லது வாய்மொழியாகச் சொல்வர். நாளொன்றுக்கு 1440 நிமிடங்களே உள்ளன. ஆகவே ஒவ்வொரு பொழுதுக்கும் ஒரு முதன்மைப் பணியை மட்டும் எடுத்துக்கொண்டு கூட்டினால்தான் கணக்கு நேராகும். மேலே சொன்ன தாயின் ஏட்டில் சமையல் 60 நிமிடம் என்று பதிவாகும். பிள்ளை வளர்ப்பு என்னும் இடத்தில் ஒரு நிமிடமும் ஏறாது. பாலூட்டுதல், குளிப்பாட்டுதல், பாடம் சொல்லித் தருதல் போன்றவையே முதன்மைப் பராமரிப்பாகும். வேறு வேலையினூடே பிள்ளையின் பொறுப்பையும் சுமப்பது 'துணைநிலைப் பராமரிப்பு' எனப்படும்.

நாட்டுக்கொரு முழக்கோல்

இத்துணைநிலைப் பராமரிப்பை அளப்பதற்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு முழக்கோலைக் கையாள்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அமைப்பு 2000ஆம் ஆண்டில் வகுத்த நெறிமுறைப்படி, நாட்குறிப்பின் ஒவ்வொரு வரியும் 10 நிமிடமாகும். முதற்பத்தியில் முதன்மைப் பணியையும், அடுத்த பத்தியில் உடன் செய்த பணியையும் எழுத வேண்டும்; அப்போது உடனிருந்தவர் யார் என்பதையும் குறிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் 1992, 1997 ஆய்வுகளில் உடன் செய்த பணி கேட்கப்பட்டது. அதனையும் சேர்த்தபோது பிள்ளை வளர்ப்பு நேரம் பல மடங்காக உயர்ந்தது.

அமெரிக்காவின் வழி வேறு. அங்கே 2003 முதல் ஆண்டுதோறும் தொலைபேசி வாயிலாக ஆய்வு நடைபெறுகிறது. முந்தைய நாள் அதிகாலை 4 மணி முதல் மறுநாள் அதிகாலை 4 மணி வரை என்னென்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். பிறகு, அவற்றுள் எந்தெந்த நேரங்களில் 13 வயதுக்குட்பட்ட பிள்ளை உங்கள் பொறுப்பில் இருந்தது என்று தனியே வினவுகிறார்கள். பிள்ளைகள் அனைவரும் உறங்கும் நேரமும், பெரியவர் உறங்கும் நேரமும் கணக்கில் சேர்வதில்லை. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள வீடுகளில் முதன்மைப் பராமரிப்பு நாளொன்றுக்குச் சராசரி 2 மணி நேர அளவில் இருக்க, 13 வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள வீடுகளில் துணைநிலைப் பராமரிப்போ சுமார் 5 மணி நேரமாக இருக்கிறது.

இரு முறைகளுக்குமுள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். ஏட்டில் தானாக எழுத வேண்டும் என்றால் தாய்மார்கள் பலர் எழுதுவதில்லை. மூச்சு விடுவதை யார் எழுதுவார்கள்? பொறுப்பு யாருடையது என்று நேரடியாகக் கேட்டால் நேரம் கூடுகிறது. உடனிருந்தவரை மட்டும் பார்த்தால், கூடத்தில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த தகப்பனாரும் பிள்ளை வளர்த்தவராகிவிடுவார். ஆகவே, ஒரு நாட்டின் 5 மணியையும் மற்றொரு நாட்டின் 1 மணியையும் அருகருகே வைத்து, "இந்நாட்டுத் தாய்மார் அக்கறையுடையோர், அந்நாட்டுத் தாய்மார் அக்கறையற்றோர்" என்று தீர்ப்புக் கூறுவது பெரும்பிழையாகும். துணைப்பணி பற்றிக் கேட்காமலே விட்ட ஆய்வுகளும் உண்டு. அங்கே ஏட்டில் இருப்பது வெற்றிடம். அதனைப் பூஜ்யம் என்று படித்துவிடலாகாது.

நம் நாட்டுக் கணக்கு

நம் நாட்டில் 1998-99இல் முன்னோட்டமாக ஆறு மாநிலங்களில் இவ்வாய்வு நடைபெற்றது. தமிழ்நாடும் அவற்றுள் ஒன்று. நாடு தழுவிய முதல் ஆய்வு 2019இலும், இரண்டாவது 2024இலும் நடந்தேறின. 2019 ஆய்வில் ஆறு வயதுக்கு மேற்பட்டோரிடம் அரைமணி அரைமணியாகப் பிரித்துக் கேட்டார்கள். வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவது தெரிய வந்தது. குடும்பத்தாரைப் பராமரிப்பதில் ஈடுபடுவோருள் பெண்கள் 134 நிமிடம், ஆண்கள் 76 நிமிடம்.

"இந்த எண்களால் நமக்கென்ன?" என்று எண்ணிவிடாதீர்கள். 2014இல் டெல்லியில் நிகழ்ந்த சாலை விபத்தில் ஒரு தம்பதியர் தம் சின்னஞ்சிறு பெண்மக்களை விட்டு மாண்டனர். மனைவி இல்லத்தரசி. அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரி 5ஆம் நாள் தீர்ப்பளித்தபோது, நீதிபதி என்.வி. ரமணா தம் தனிக் கருத்துரையில் இதே நிமிடக் கணக்கை எடுத்துக்காட்டி, இல்லத்தரசியின் உழைப்புக்கு மதிப்பிட வேண்டியதன் அவசியத்தை வலியுறுத்தினார். தாயை இழந்த அனாதைப் பிள்ளைகளின் இழப்பீட்டை நிர்ணயிக்கும் இடம் வரை அவ்வேடு சென்றுவிட்டது. கணக்கெடுப்போரிடம் ஒரு தாய் சொல்லாமல் விட்ட நேரம் அந்த 134 நிமிடத்தில் சேர்ந்திருக்க இயலாது.

தாய்மைக்கு விலை பேசுவதா என்று சிலர் வருந்தலாம். விலை பேசுவது வேறு; உழைப்பை உள்ளபடி சொல்வது வேறு. காலத்தின் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் ஓர் அத்தியாயத்தைக் கொண்டது நம் திருமறை. அணுவளவு நன்மையும் விடுபடாது என்பது நம் ஈமான். ஆண் தன் குடும்பத்துக்கும், பெண் தன் இல்லத்துக்கும் மக்களுக்கும் பொறுப்பாளர் என்றும், அப்பொறுப்புக் குறித்து மறுமையில் வினவப்படுவர் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். அந்த நாயகமே வீட்டு வேலைகளில் மனைவியருக்கு உதவி வந்தார்கள் என்பதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள்.

சகோதரிகளே! கணக்கெடுப்போர் உங்கள் வாசலுக்கு வந்தால், "வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்" என்று சொல்லாதீர்கள். சமைக்கும்போதும், துவைக்கும்போதும் பிள்ளையின் பொறுப்பு உங்களிடமே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சகோதரர்களே! வீட்டில் இருக்கும்போது, "இப்பொழுது உன் உம்மா வெளியே சென்றால் உன்னைப் பார்ப்பது யார்?" என்று உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். அது உங்களை நோக்கிக் கை நீட்டாவிடில், நாள்தோறும் ஒரு வேளையாவது அப்பொறுப்பை முழுமையாக ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த வேளையில் அவள் நிம்மதியாகத் தொழட்டும், ஓதட்டும், சற்றே கண்ணயரட்டும்.

நம் இல்லங்களில் இந்நீதி நிலைபெற வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.