வந்தும் வராத வசந்தம்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காலையில் வெயில் அடிக்கும். பிற்பகலில் இடியுடன் மழை கொட்டும். ஆயினும், வெப்பநிலை ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. ஜனவரியில் உடுத்தும் உடையையே ஜூலையிலும் உடுத்தலாம். ஜப்பானில் நிலைமை வேறு. அங்கு வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என நான்கு பருவங்கள் உள்ளன. ஆனால், ஒரு பருவம் முடிந்த மறுநாளே அடுத்த பருவம் தொடங்கிவிடுவதில்லை. குறிப்பாக, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை குளிர்காலம் விடைபெறுவதுபோல் தோன்றும். பிறகு மீண்டும் திரும்பி வரும். இன்று மெல்லிய சட்டை போதும் என்று வெளியே சென்றவர், நாளை தடித்த குளிராடையைத் தேட வேண்டியிருக்கும்.

இந்த மாற்றத்தை ஜப்பானியர் ‘சன்கன் ஷியோன்’ என்பர். ‘மூன்று நாள் குளிர், நான்கு நாள் இதமான வெப்பம்’ என்பது இதன் பொருள். சீனாவின் வடபகுதியிலும் கொரியாவிலும் குளிர்கால வானிலையைக் குறிக்க வழங்கிய இத்தொடர், இன்று ஜப்பானில் வசந்தத்தின் தொடக்கத்தைக் குறிக்கப் பயன்படுகிறது. நாள்கள் சரியாக மூன்றும் நான்குமாக அமைவதில்லை. குளிரும் வெப்பமும் மாறி மாறி வந்து, சிறிது சிறிதாக வெப்பம் மேலோங்கும் என்பதே இதன் கருத்து.

இதற்குக் காரணம் என்ன? குளிர்காலத்தில் சைபீரியாவின் பரந்த நிலப்பரப்பு மிகவும் குளிர்ந்துவிடுகிறது. அதன் மேலுள்ள காற்று கனத்து, வலிமையான உயரழுத்தப் பகுதி உருவாகிறது. அங்கிருந்து புறப்படும் குளிர்காற்று ஜப்பான்மீது இடைவிடாமல் வீசுகிறது. இதே குளிர்காற்றின் ஒரு பகுதி தென்சீனக் கடல்வரை பாய்ந்து, வடகிழக்குப் பருவக்காற்றை வலுப்படுத்துகிறது. கிளந்தான், திரங்கானு, பகாங் ஆகிய மாநிலங்களில் ஆண்டிறுதியில் பெய்யும் பெருமழைக்கு அதுவும் ஒரு காரணமாகும்.

வசந்தம் நெருங்கும்போது சைபீரிய உயரழுத்தம் வலுவிழக்கிறது. அப்போது தாழ்வழுத்தப் பகுதிகளும் உயரழுத்தப் பகுதிகளும் மேற்கிலிருந்து கிழக்காக அடுத்தடுத்து ஜப்பானைக் கடந்து செல்கின்றன. தாழ்வழுத்தம் நெருங்கும்போது தெற்கிலிருந்து வெப்பக்காற்று வீசுகிறது. அது கடந்து சென்றதும் வடக்கிலிருந்து குளிர்காற்று நுழைகிறது. இதனால்தான் சில நாள்களுக்கு ஒருமுறை வானிலை தலைகீழாக மாறுகிறது.

இவ்வாறு தெற்கிலிருந்து வீசும் முதல் வலிமையான காற்றுக்கு ‘ஹரு இச்சிபான்’ என்று பெயர். ‘வசந்தத்தின் முதலாவது’ என்பது இதன் பொருள். கேட்பதற்கு இனிமையாக இருக்கும் இப்பெயருக்குப் பின்னால் ஒரு துயரம் உள்ளது. 1859ஆம் ஆண்டில், நாகசாக்கிப் பகுதியைச் சேர்ந்த இக்கி தீவிலிருந்து 53 மீனவர்கள் கடலுக்குச் சென்றனர். திடீரென வீசிய கடுமையான தெற்குக் காற்றில் சிக்கி அவர்கள் அனைவரும் மாண்டனர். அதன்பிறகு, வசந்தத்தின் தொடக்கத்தில் வீசும் இக்காற்றை அஞ்சவேண்டிய ஒன்றாகக் கருதி, அத்தீவு மக்கள் அப்பெயரால் அழைத்தனர் என்பர். வெதுவெதுப்பான காற்று வீசியதும் மனம் மகிழ்வது இயல்பு. ஆனால், அந்த மகிழ்ச்சியில் படகை அவிழ்த்துவிடக் கூடாது என்பதை அப்பெயர் நினைவூட்டியது.

இன்று ஜப்பான் வானிலை ஆய்வகம் இக்காற்றை முறைப்படி அறிவிக்கிறது. தோக்கியோவை உள்ளடக்கிய வட்டாரத்தில், பிப்ரவரித் தொடக்கத்திற்கும் மார்ச் 20 அல்லது 21ஆம் நாளுக்கும் இடையில் காற்று வீச வேண்டும். அதன் வேகம் வினாடிக்கு 8 மீட்டரையேனும் எட்ட வேண்டும். வெப்பநிலையும் முந்தைய நாளைவிட உயர்ந்திருக்க வேண்டும். இவை பொருந்தாவிட்டால், அவ்வாண்டில் அறிவிப்பே இராது. காற்று வீசிய மறுநாள் பெரும்பாலும் குளிர் திரும்பிவிடும் என்பதையும் மக்கள் அறிந்து வைத்திருக்கின்றனர்.

வசந்தம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது செர்ரி மலர்கள். இம்மரத்தின் மொட்டுகள் முந்தைய கோடையிலேயே உருவாகி உறங்கத் தொடங்குகின்றன. அவற்றின் உறக்கத்தைக் கலைப்பது வெப்பம் அன்று, குளிரே! போதிய நாள்கள் கடுங்குளிரில் இருந்த பிறகுதான் மொட்டுகள் வளர ஆயத்தமாகின்றன. அதன்பின் வெப்பம் அவற்றை மலரச் செய்கிறது. பிப்ரவரி முதல் நாளிலிருந்து ஒவ்வொரு நாளின் உச்ச வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வந்தால், கூட்டுத்தொகை ஏறத்தாழ 600 பாகையை எட்டும்போது தோக்கியோவில் மலர்கள் விரியும் என்பது அங்கு வழங்கும் எளிய கணக்கு. எனவே, குளிர் வசந்தத்தின் பகைவன் அன்று. குளிர் தன் வேலையைச் செய்யாவிட்டால் மலர்களும் ஒழுங்காகப் பூப்பதில்லை.

மலர்கள் பூத்துவிட்டால் குளிர் போய்விட்டது என்று பொருளா? அதுவும் இல்லை. செர்ரி மலரும் காலத்தில் திரும்பி வரும் குளிருக்கு ‘ஹனபியே’, அதாவது ‘மலர்க்குளிர்’, என்று பெயர். 2020ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள், தோக்கியோவில் செர்ரி மலர்கள் முழுமையாக மலர்ந்துவிட்டன என அறிவிக்கப்பட்டது. ஒரு வாரம் கழித்து, மார்ச் 29ஆம் நாள், அதே நகரத்தில் பனி பொழிந்தது. பூத்துக் குலுங்கிய கிளைகளின்மேல் வெண்பனி படிந்து நின்றது. இதனால்தான் மலர்களைக் கண்டு களிக்க மரத்தடியில் கூடும் குடும்பங்கள், உணவுடன் போர்வையையும் எடுத்துச் செல்கின்றன. மலர்க்குளிரால் ஒரு நன்மையும் உண்டு. குளிர்ந்த நாள்களில் மலர்கள் விரைவில் உதிராமல் கிளையில் நீடிக்கின்றன.

நகரவாசிக்கு மலர்க்குளிர் சிறு தொல்லை. ஆனால், உழவருக்கு அது வாழ்வாதாரச் சிக்கல். ஷிசுவோக்கா போன்ற பகுதிகளில் ஏப்ரல் மாதத்தில் தேயிலைச் செடிகள் துளிர்விடுகின்றன. ஆண்டின் முதல் கொழுந்துக்கே விலை அதிகம். காற்றில்லாத, மேகமற்ற ஓரிரவில் உறைபனி விழுந்தால் போதும். அந்தத் தளிர்கள் கருகிவிடும். பிப்ரவரித் தொடக்கத்தில் வரும் வசந்தத்தின் முதல் நாளிலிருந்து எண்ணி, 88ஆம் நாளை ஜப்பானிய உழவர்கள் கணக்கில் வைக்கின்றனர். அது மே 2ஆம் நாளையொட்டி வரும். அதுவரை உறைபனி விழக்கூடும் என்பது அவர்களின் பட்டறிவு.

கேமரன் மலையைப் போலன்றி, ஜப்பானியத் தேயிலைத் தோட்டங்களில் உயரமான கம்பங்களின் உச்சியில் விசிறிகள் பொருத்தப்பட்டிருப்பதைக் காணலாம். தெளிந்த இரவில் நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழப்பதால், தரையையொட்டிய காற்று குளிர்ந்துவிடுகிறது. சில மீட்டர் உயரத்தில் உள்ள காற்றோ சற்று வெப்பமாகவே இருக்கிறது. விசிறிகள் அந்த வெப்பக்காற்றைக் கீழே தள்ளித் தளிர்களைக் காக்கின்றன.

பருவநிலை மாற்றம் இச்சிக்கலை மேலும் கடுமையாக்குகிறது. கியோத்தோ நகரத்தில் செர்ரி மலர்ந்த நாள்களைப் பற்றிய குறிப்புகள் ஏறக்குறைய 1,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து கிடைக்கின்றன. அப்பதிவுகளின்படி, 2021ஆம் ஆண்டில் மலர்கள் மார்ச் 26ஆம் நாளிலேயே முழுமையாக மலர்ந்தன. அது அதுவரை காணாத விரைவு. முன்கூட்டியே பூத்தால் நல்லதுதானே என்று தோன்றலாம். அதே ஆண்டில், வெப்பமான மார்ச் மாதத்தால் யமகத்தா பகுதியின் பழ மரங்களும் முன்கூட்டியே மொட்டுவிட்டன. ஏப்ரலில் திரும்பி வந்த உறைபனி அம்மொட்டுகளைத் தாக்கியது. அவ்வாண்டின் செர்ரிப் பழ விளைச்சல் பெரிதும் குறைந்தது. வசந்தம் முந்தி வருகிறது. ஆனால் உறைபனியோ அதற்கேற்ப முந்தி விடைபெறுவதில்லை. இதுவே உழவர்களின் கவலை.

‘வெப்பமும் குளிரும் ஹிகன் வரை’ என்பது ஜப்பானியப் பழமொழி. மார்ச்சு, செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாகும் நாளையொட்டிய ஒரு வாரமே ஹிகன் எனப்படும். முன்னோரின் கல்லறைகளுக்குச் சென்று வணங்கும் காலமும் அதுவே. கனசாவா நகரத்தின் கென்ரொக்குவென் தோட்டத்தில், பனியின் பாரத்தால் கிளைகள் முறியாமலிருக்க மரங்களுக்குக் கயிறு கட்டித் தாங்குவர். நவம்பரில் கட்டும் அக்கயிறுகளை மார்ச் மாத நடுப்பகுதியில்தான் அவிழ்க்கத் தொடங்குவர். பிப்ரவரியில் ஒருநாள் வெயில் நன்றாக அடித்தது என்பதற்காக யாரும் கயிற்றை அவிழ்ப்பதில்லை. வீடுகளிலும் அப்படித்தான். கணப்பு அடுப்பையும் குளிராடையையும் உள்ளே எடுத்துவைக்க மக்கள் அவசரப்படுவதில்லை.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது தமிழர் அறிந்த அறிவுரை. ஜப்பானியர் அதையே வானிலையிடம் கற்றுக்கொண்டனர் எனலாம். முதல் வெப்பக்காற்று, திரும்பி வரும் குளிர், கடைசி உறைபனி என ஒவ்வொன்றுக்கும் அவர்கள் பெயரோ நாளோ குறித்து வைத்தனர். அவை வெறும் அழகுக்காகத் தோன்றியவை அல்ல. கடலில் உயிரிழந்தவர்களும், ஓரிரவில் விளைச்சலை இழந்தவர்களும் அடுத்த தலைமுறைக்கு விட்டுச்சென்ற எச்சரிக்கைகள் அவை. அந்த எச்சரிக்கையை இன்று வானிலை அறிக்கைகள் கூறுகின்றன. கேட்டு நடப்பவர் படகையும் பயிரையும் காத்துக்கொள்கிறார்.