மலைமேல் ஒரு பாராயணப் பெட்டி

போளூரிலிருந்தோ திருப்பத்தூரிலிருந்தோ ஜவ்வாது மலைக்குப் பேருந்தில் ஏறியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். அடிவாரத்தில் கணீரென்று ஒலித்த கைப்பேசிப் பாட்டு, கொண்டை ஊசி வளைவுகள் ஏற ஏறத் திக்கித் திணறி, ஏதோ ஒரு திருப்பத்தில் நின்றுபோகும். ஜமுனாமரத்தூர்க் கடைவீதியில் கிடைக்கும் சிக்னல், மலை மடிப்புக்குள் சற்றுத் தள்ளியிருக்கும் சிற்றூரில் கிடைப்பதில்லை. அலைபேசிச் சேவை எட்டாத கிராமங்களுக்கு 4ஜி வசதி அளிக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்ததே 2022-ஆம் ஆண்டு ஜூலையில்தான். நாடு முழுவதும் அவ்வாறு கணக்கில் வந்த கிராமங்கள் 24,680.

இளையவர்களுக்கு இது சிறு இடைஞ்சல். முதியவர்களுக்கு அப்படியன்று. கண் மங்கிய பின் திருமுறைப் புத்தகம் கையிலிருந்தும் பயனில்லை. செவி ஒன்றே துணை. வீட்டிலிருந்த டேப் ரிக்கார்டர் பழுதாகி, அதைச் சீர்செய்யும் கடைகளும் மறைந்துவிட்டன. நாற்பது ஆண்டுகள் விடியற்காலையில் சுப்ரபாதமும் திருப்பாவையும் கேட்டுப் பழகிய ஒருவருக்கு, சிக்னல் இல்லை என்ற காரணத்தால் மார்கழி முழுவதும் மௌனமாகக் கழிவது எளிதில் தாங்கக்கூடிய இழப்பன்று.

பாட்டைத் தூக்கிக்கொண்டு மலையேறுவது இப்பகுதிக்குப் புதிதுமன்று. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், இன்றைய செங்கத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்தும் நூல். பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடியது. முழவு, ஆகுளி, பாண்டில், தூம்பு, குழல் எனத் தம் இசைக்கருவிகள் அனைத்தையும் பைகளில் கட்டித் தோளில் சுமந்து கூத்தர் மலைவழி நடக்கின்றனர். அந்தப் பைகள் பலாக்காய்க் கொத்துப்போலத் தொங்கின என்கிறார் புலவர். வழி சொல்பவர் தரும் அறிவுரைகளில் ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. மலையில் தெய்வத்தைக் கண்டால் தொழுது செல்லுங்கள், கருவிகளை வீணே தொடாதீர்கள், அங்கே மழை அடிக்கடி பொழியும் என்பது அதன் கருத்து. அந்நூல் கூறும் நவிரமலையே ஜவ்வாது மலைத்தொடரை ஒட்டி நிற்கும் பர்வதமலை என்று அறிஞர் பலர் கொள்வர். இன்று அங்கே மல்லிகார்ச்சுனரையும் பிரமராம்பிகையையும் தரிசிக்க அன்பர்கள் ஏறுகின்றனர்.

அன்று பலாக்காய்க் கொத்துப்போலத் தொங்கிய சுமை இன்று உள்ளங்கையில் அடங்கும். பேரப்பிள்ளைகள் புதுக் கைப்பேசி வாங்கியபின் மேசை இழுப்பறையில் ஒதுக்கிய பழைய ஸ்மார்ட்போன் ஒன்று போதும். புதிதாகவே வாங்கினாலும் பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைப்பவை உண்டு. மெமரி கார்டு செருகும் இடம் இருக்கிறதா என்று மட்டும் கடையில் கேட்டு வாங்க வேண்டும். அதில் சிம் கார்டு போட வேண்டுவதில்லை. விமானச் சின்னம் உள்ள பொத்தானை ஒருமுறை தொட்டுவிட்டால் அது அலைவரிசை தேடி அலைவதை நிறுத்திவிடும். சிக்னல் இல்லாத இடத்தில் கைப்பேசியின் மின்கலம் விரைந்து தீர்வதற்கு அந்தத் தேடலும் ஒரு காரணம். சிம் இல்லாத கருவிக்கு அழைப்பு வராது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ரகசிய எண் கேட்கும் வஞ்சகரும் அதில் நுழைய முடியாது. பாராயணத்துக்குத் தனிக் கருவி வைப்பதில் முதியவர்களுக்குக் கிடைக்கும் பெரிய நிம்மதி இது.

கொள்ளளவு பற்றி ஐயம் வேண்டாம். சாதாரணத் தரத்தில் பதிந்த எம்பி3 பாடல், நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பி இடம் கொள்ளும். ஒரு ஜிபியில் பதினாறு, பதினேழு மணி நேரம் அடங்கும். 32 ஜிபி கார்டு ஒன்றில் 500 மணி நேரத்துக்குக் குறையாது. நாளுக்கு இரண்டு மணி நேரம் கேட்டாலும் எட்டு மாதங்களுக்கு மேல் வரும். திருவாசகத்தின் 658 பாடல்களையும் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தையும் பதிந்த பின்னும், எம்.எஸ். சுப்புலட்சுமியின் சகஸ்ரநாமத்துக்கும் சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசத்துக்கும் சீர்காழி கோவிந்தராஜனுக்கும் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்களுக்கும் இடம் மிஞ்சும். 2017-இல் சரிகம நிறுவனம் வெளியிட்ட கார்வான் பெட்டியில் 5,000 பாடல்கள் பதிந்தே வந்தன. பல வீடுகளில் அது நல்ல துணை. ஆயினும் அதில் உள்ளது நிறுவனம் தேர்ந்த பட்டியல். தம் ஊர்க் கோயில் ஓதுவாரின் குரலை அதில் தேடிப் பயனில்லை.

பாடல்களை ஏற்றும்போது பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. இசைச் செயலிகளில் ‘டவுன்லோட்’ என்ற பொத்தானை அழுத்தினால் பாடல் நம்முடையதாகிவிட்டது என்று எண்ணிவிடுகின்றனர். அவ்வாறு சேமித்தவை அந்தச் செயலிக்குள் மட்டுமே இருக்கும். குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை அது இணையத்தைத் தொட்டாக வேண்டும். சந்தா முடிந்தாலும் பாட்டு நின்றுவிடும். மலையில் மாதக்கணக்கில் தங்குபவருக்கு அது ஆகாது. பாடல் தனிக் கோப்பாகக் கார்டில் இருக்க வேண்டும். விலை கொடுத்து வாங்கிய குறுந்தகடுகளைக் கணினியில் எம்பி3 ஆக மாற்றிக்கொள்ளலாம். பழைய கேசட்டாயின், ஓடும் நிலையில் ஒரு டேப் ரிக்கார்டர் கிடைத்தால், அதன் ஹெட்போன் துளையிலிருந்து கம்பி வழியே கணினியில் பதியலாம். ஆதீனங்களும் கோயில்களும் அன்பர்களுக்கென வெளியிடும் பதிவுகளும் உள. சாலையோரத்தில் ஆயிரம் பாட்டு நிரப்பி விற்கும் கார்டுகளைத் தவிர்ப்பதே முறை. பாடியவருக்கு உரியதைக் கொடாமல் பக்திப் பாட்டுக் கேட்பது பொருந்தாது.

கோப்புகளுக்குப் பெயரிடுவதில் சிறு கவனம் தேவை. சில கருவிகள் 1-க்கு அடுத்து 10-ஐயும், 19-க்குப் பின் 2-ஐயும் பாடும். திருப்பாவை முப்பதையும் 01, 02 என்று தொடங்கி 30 வரை எண்ணிட்டு ஒரே உறையில் வைத்தால் மார்கழியில் நாளும் பாசுரமும் பிசகாது. வெள்ளிக்கிழமைக்கு ஓர் உறை, பிரதோஷத்துக்கு ஓர் உறை, ஏகாதசிக்கு ஓர் உறை என்று பிரித்துத் தருவது வீட்டுப் பிள்ளைகள் ஒரு பிற்பகலில் செய்து முடிக்கும் பணி. விஎல்சி போன்ற விலையில்லாச் செயலி ஒன்றை மட்டும் முகப்புத் திரையில் வைத்து, மற்றவற்றை மறைத்துவிட வேண்டும். குறித்த நேரத்தில் தானே நிற்கும் வசதியும் அதில் உண்டு. பாட்டுக் கேட்டபடியே உறங்கிவிடும் பெரியவர்களுக்கு ஏற்றது.

கைப்பேசியின் ஒலி மெலிதாகவே இருக்கும். பூஜை அறைக்கு அதுவே போதும். செவி மந்தமானவர்களுக்குச் சிறிய ஸ்பீக்கர் ஒன்றைக் கம்பியாலோ புளூடூத்தாலோ இணைக்கலாம். இரவின் இருளை நாடியே இம்மலையின் காவலூரில் வானியலாளர்கள் ஆய்வகம் அமைத்தனர், அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் விண்ணைப் பார்த்துவருகிறது. இருளைப் போன்றே நிசப்தமும் இம்மலையின் செல்வம். யாத்திரை வருவோர் சன்னதியில் பாட்டை உரக்க வைப்பது, பாடிக்கொண்டிருக்கும் பிறரின் வாயை அடைப்பதாகும்.

விளக்கின் அருகிலும் கற்பூரத் தட்டின் அருகிலும் கருவியை வைத்தல் கூடாது. நாள் முழுதும் சார்ஜில் கிடக்க விடுவதும் நன்றன்று. பின்மூடி உப்பியிருந்தால் மின்கலம் கெட்டுவிட்டதென்று பொருள். அதைத் தொடர்ந்து பயன்படுத்தாமல் கடையில் கொடுத்து மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் மூடியிட்ட பிளாஸ்டிக் டப்பா நல்ல உறை.

இக்கருவியின் இன்னொரு பயனைப் பலரும் நினைப்பதில்லை. இம்மலையில் வாழும் பெருங்குடியினர் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள். பெயர் கேரளத்தை நினைவூட்டினாலும் அவர்கள் பேசுவது தமிழே. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்தம் வழக்கு. ஊர்த் தெய்வத்தின் திருவிழாவிலும் சாமை அறுப்பிலும் சாவிலும் அவர்கள் பாடும் பாடல்கள் முதியவர்களின் நினைவிலேயே தங்கியிருக்கின்றன. எந்தக் கடையிலும் அவை விலைக்குக் கிடையா. தேவாரத்தைத் தொலைத்துவிட்டால் மற்றொரு பதிவை வாங்கிக்கொள்ளலாம். பாட்டி ஒருத்தி மறைந்தால் அவளோடு போகும் தெய்வப் பாட்டை எங்கே வாங்குவது? பாட்டு இசைக்கும் அதே கைப்பேசியில் ஒலிப்பதிவுச் செயலி இருக்கிறது. அதற்கும் இணையம் வேண்டுவதில்லை.

அவர்கள் இசைந்தால் மட்டுமே பதிய வேண்டும். சில பாடல்கள் வழிபாட்டு வேளைக்கே உரியவை என்று மறுப்பாராயின் அத்தோடு விட்டுவிட வேண்டும். மின்விசிறியில்லாத அறையில், கருவியைப் பாடுபவரிடமிருந்து ஒரு முழம் தள்ளித் துணிமேல் வைத்தால் ஓசை தெளிவாக வரும். தொடக்கத்தில் பாடுபவர் தம் பெயரையும் ஊரையும் நாளையும் தம் குரலிலேயே சொல்லட்டும். பதிந்ததை இரண்டு கார்டுகளில் நகலெடுத்து, ஒன்றைப் பாடியவர் வீட்டிலேயே கொடுத்துவிட வேண்டும்.