தரை இறங்கும் நேரம்

வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் நாம் அண்ணாந்து பார்க்கிறோம். "அவ்வளவு உயரத்தில் பறப்பது ஆபத்து இல்லையா?" என்று கேட்கிறோம். உயரத்தில் ஆபத்து குறைவு. தரையை விட்டு ஏறும்போதும், தரையில் இறங்கும்போதும்தான் விபத்துகள் அதிகம்.

2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் தேதி. மும்பையில் நல்ல மழை. மாலை 5 மணி. விசாகப்பட்டினத்திலிருந்து ஒரு சிறிய விமானம் வந்தது. அதில் 8 பேர் இருந்தார்கள். 6 பேர் பயணிகள். 2 பேர் விமானிகள்.

விமானம் இறங்கும்போது ஓடுபாதையை விட்டு விலகியது. தரையில் மோதி இரண்டாக உடைந்தது. தீயும் பிடித்தது. தீ அணைக்கப்பட்டது. 8 பேருக்கும் காயம். ஆனால் எல்லோரும் உயிர் பிழைத்தார்கள்.

அன்று மழையில் 700 மீட்டர் தூரம் வரைதான் கண்ணுக்குத் தெரிந்தது. 700 மீட்டர் போதாதா? நடந்து போகிறவருக்குப் போதும். இப்படிப்பட்ட விமானம் இறங்கும்போது ஒரு விநாடிக்குச் சுமார் 60 மீட்டர் போகும். 700 மீட்டரைக் கடக்க 12 விநாடி போதும். அதற்குள் விமானி பாதையைப் பார்க்க வேண்டும். நேராக இறக்க வேண்டும்.

கருவிகள் வழி காட்டும். விளக்குகளும் உதவும். அப்படியும் பாதை தெரியாவிட்டால் என்ன செய்வது? இறங்கக் கூடாது. மறுபடி மேலே ஏறிச் சுற்றி வர வேண்டும். அல்லது வேறு ஊருக்குப் போக வேண்டும். அதற்காகவே கூடுதல் எரிபொருள் வைத்திருப்பார்கள். இறங்க வந்த விமானம் மேலே ஏறினால் பயப்படாதீர்கள். அது நம் உயிரைக் காக்கும் முறை.

விபத்து நடந்தால் விசாரணை உண்டு. இந்தியாவில் இதற்குத் தனி அமைப்பு 2012-இல் தொடங்கப்பட்டது. அவர்கள் கறுப்புப் பெட்டியைத் தேடுவார்கள். பெயர்தான் கறுப்பு. அதன் நிறம் ஆரஞ்சு. எளிதில் கண்ணில் படவே அந்த நிறம். விமானிகளின் பேச்சும், விமானத்தின் வேகமும் உயரமும் அதில் பதிவாகும். அடுத்த விபத்தைத் தடுப்பதே விசாரணையின் நோக்கம்.

நீங்களும் ஒருநாள் விமானத்தில் போகலாம். அப்போது மூன்றை மறக்காதீர்கள்.

1. இருக்கைப் பட்டையை இறுக்கமாகப் போடுங்கள்.
2. அவசர வழி எங்கே என்று முதலிலேயே பாருங்கள்.
3. விபத்து நடந்தால் பையை எடுக்க நிற்காதீர்கள். உடனே வெளியேறுங்கள்.

பையைத் தேடி ஒருவர் நின்றால், பின்னால் வருகிற அத்தனை பேருக்கும் வழி அடைபடும்.