'வாங்கு' பட்டனை அழுத்திட்டீங்க, ஆனா பொருள் உங்களுடையதா?



சி.ஏ. ஃபைனல் படிக்கும்போது ஒரு பாடத்துக்கு 9,000 ரூபாய் கொடுத்து பென் டிரைவ் கிளாஸ் வாங்கினேன். பரீட்சைக்கு 40 நாள் இருக்கும்போது லேப்டாப்பில் மதர்போர்டு போயிடுச்சு. மாத்திட்டு வந்து பென் டிரைவைச் சொருகினா, 'இந்தக் கம்ப்யூட்டருக்கு அனுமதி இல்லை' என்று வந்தது. வீடியோ கையில் இருக்கு, காசும் கொடுத்தாச்சு, ஆனா பார்க்க முடியாது. மறுபடி திறந்துவிட 1,500 ரூபாய் கேட்டாங்க. நாலு நாள் காத்திருந்தேன்.

அப்போ கோபம்தான் வந்தது. இன்னைக்கு ஒரு ஆடிட்டரா யோசிச்சா, என் பக்கமும் ஒரு தப்பு இருக்கு. நான் பொருள் வாங்கினதா நினைச்சேன். வாங்கினது வெறும் அனுமதி.

பூட்டு எப்படி வேலை செய்யுது?

இதற்கு டி.ஆர்.எம். என்று பெயர். ஃபைல் உங்களிடம் பூட்டிய நிலையில்தான் இருக்கும். ஆப் திறக்கும்போது, விற்றவரின் சர்வரிடமிருந்தோ உங்கள் கருவியில் பதிந்து வைத்த உரிமத்திலிருந்தோ சாவியை எடுக்கும். எந்தக் கருவி, எத்தனை தடவை, எந்தத் தேதி வரை என்பதை அந்தச் சாவி முடிவு செய்யும். சாவி கிடைக்கலைன்னா, ஃபைல் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

சின்ன கம்பெனிகள்தான் இப்படின்னு நினைக்காதீங்க. மைக்ரோசாஃப்ட் 2017இல் இ-புத்தகக் கடை தொடங்கி, 2019 ஏப்ரலில் மூடியது. அந்த ஜூலையில் வாடிக்கையாளர்கள் காசு கொடுத்து வாங்கிய புத்தகங்களும் திறக்காமல் போயின. பணத்தை முழுசா திருப்பிக் கொடுத்தாங்க, அது உண்மை. ஆனா புத்தகம் போனது போனதுதான்.

அதற்கு 10 வருஷம் முன்னாடி, 2009இல், அமேசான் வாடிக்கையாளர்களின் கிண்டிலில் இருந்தே ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்பி வந்தது, ஜெஃப் பெஸோஸ் மன்னிப்பும் கேட்டார். ஆனா கடைக்காரர் நம்ம வீட்டு அலமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்துட்டுப் போக முடியும்னு அன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு.

பூட்டை உடைச்சா?

வேண்டாம். நம்ம காப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு இந்தப் பூட்டை உடைத்தால் 2 வருஷம் வரை சிறை, கூடவே அபராதம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2025 முதல் விற்பவருக்கும் ஒரு கட்டுப்பாடு வந்திருக்கு: கொடுப்பது உரிமம் மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற வார்த்தையைப் போடக் கூடாது.

அப்போ எப்படிக் கணக்குப் போடறது?

கணக்கியலில் ஒன்றைச் சொத்து என்று எழுத, அது நம் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். பூட்டிய ஃபைல் அப்படி இல்லை. அதைச் செலவாக எழுதுங்கள்.

ஒரு உதாரணம். அச்சுப் புத்தகம் 450 ரூபாய், இ-புத்தகம் 350 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இ-புத்தகம் 100 ரூபாய் லாபம் மாதிரி தெரியும். ஆனா அச்சுப் புத்தகத்தைப் படித்துவிட்டு 200 ரூபாய்க்கு விற்றால் நிகரச் செலவு 250தான். மலிவானது எது?

பணம் கட்டும் முன் நாலு கேள்வி கேளுங்க:

1. கருவி மாறினால் ஓடுமா? மாற்றக் கட்டணம் உண்டா?
2. எத்தனை தடவை, எத்தனை நாள்?
3. கம்பெனி மூடினால் என்ன ஆகும்?
4. பூட்டு இல்லாத வடிவம் கிடைக்குமா? ஆப்பிள் 2009லேயே ஐடியூன்ஸ் பாட்டுகளில் பூட்டை எடுத்துவிட்டது. கேம்களுக்கு ஜி.ஓ.ஜி. தளம் இருக்கு.

ஒரு தடவை பார்க்கிற படமா? பூட்டு பரவாயில்லை, வாடகைக்கே எடுங்க, இன்னும் மலிவு. வருஷக்கணக்கில் வேண்டிய பாடமா? விதிமுறையைப் படிச்சிட்டு, மேலே சொன்ன பதில்களை இமெயிலில் எழுதி வாங்கிக்கோங்க. எனக்கு அந்த ஒரு இமெயில் இருந்திருந்தா, நாலு நாளும் 1,500 ரூபாயும் மிச்சமாகியிருக்கும்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தா கமென்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவில் சந்திப்போம்!