கோட்டை விட்டு விலகும் ரம்பம்

உயர்நிலை 1, 2 வகுப்புகளில் வடிவமைப்பு, தொழில்நுட்பப் பாடம் படித்தவர்களுக்கு இது பழகிய காட்சி. பைன் பலகையில் அடிக்கோலை வைத்து நேர்க்கோடு போடுகிறீர்கள். பட்டறைப் பொறுப்பாளர் அதைப் பேண்ட்சாவில், அதாவது பட்டை ரம்பத்தில், தள்ளுகிறார். பாதி தூரம் போனதும் பிளேடு கோட்டை விட்டு மெல்ல ஒதுங்குகிறது. "மலிவான மெஷின், அப்படித்தான் அறுக்கும்" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்கும்.

அந்தத் தீர்ப்பை அவசரப்பட்டு ஏற்காதீர்கள். பிளேடு ஒரு தடவை இடப்பக்கமும் மறுதடவை வலப்பக்கமும் போனால் கவலைப்படலாம். எப்போதும் ஒரே பக்கம், ஒரே அளவு விலகினால் அது நல்ல செய்தி. வெர்னியர் காலிப்பரில் 'ஸீரோ எரர்' பார்த்துக் கழிக்கிறீர்கள் அல்லவா, இதுவும் அதே வகைதான். மாறாத பிழையை அளந்துவிடலாம். அளந்துவிட்டால் திருத்தலாம்.

இயந்திரம் எளிமையானது. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடும் பல் வைத்த எஃகுப் பட்டை. இறைச்சிக் கடையில் உறைந்த ஆட்டிறைச்சியை எலும்போடு துண்டு போடுவதும் இதன் உறவுக்கார இயந்திரம்தான். 1800களின் தொடக்கத்திலேயே வில்லியம் நியூபெரி என்ற ஆங்கிலேயர் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் பட்டையின் இரு முனைகளையும் ஒட்டிய இடம் அறுந்துகொண்டே இருந்தது. 1846ல் ஆன் போலின் கிரெபின் என்ற பிரெஞ்சுப் பெண்மணி உறுதியாக ஒட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகே இந்த ரம்பம் பிழைத்தது.

ஏன் அறுந்தது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். சக்கரத்தின் விட்டம் 20 செ.மீ., நிமிடத்துக்கு 1,200 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளேடின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 12.6 மீட்டர். உசேன் போல்ட் 2009ல் பெர்லினில் உலகச் சாதனை படைத்தபோது தொட்ட உச்ச வேகத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். பிளேடின் நீளம் ஒன்றரை மீட்டர் என்றால் அதன் ஒவ்வொரு பகுதியும் விநாடிக்கு 16 தடவைக்கு மேல் வளைந்து நிமிர்கிறது. கம்பியைத் திரும்பத் திரும்ப மடக்கினால் முறிந்துவிடுமே, அந்த உலோகச் சோர்வுதான் இங்கும் எதிரி.

இப்போது விலகலுக்கு வருவோம். பிளாஸ்டிக் அடிக்கோல் ஒன்றை எடுத்துத் தட்டையாக வளைத்துப் பாருங்கள், சுலபமாக வளையும். விளிம்பு வாக்கில் வளைக்க முயலுங்கள், வளையாது. இன்னும் பலமாக அழுத்தினால் சட்டென்று முறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் தப்பிக்கும். பலகையை அவசரமாகத் தள்ளும்போது பிளேடும் இதையேதான் செய்கிறது. மழுங்கிய பிளேடு என்றால் நாம் நம்மையறியாமல் இன்னும் அழுத்துவோம், அது இன்னும் முறுக்கும். என் அனுபவத்தில் கோணல் வெட்டுகளில் பாதி, புது பிளேடு மாட்டி மெதுவாகத் தள்ளியதுமே மறைந்துவிடும்.

அகலமான பிளேடு விறைப்பாக நிற்கும். விறைப்பு அகலத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. 6 மி.மீ. பிளேடுக்குப் பதில் அதே தடிமனில் 12 மி.மீ. போட்டால் விறைப்பு 8 மடங்கு. ஆனால் இங்கேதான் விலை குறுக்கே வருகிறது. சின்ன இயந்திரத்தின் சட்டம் மெலிது. அகலமான பிளேடுக்குத் தேவையான இழுவிசையை ஏற்றினால் சட்டமே வளையும். அதனால் அதற்கு 9 அல்லது 10 மி.மீ. போதும் என்பது என் கருத்து. பற்களையும் எண்ணுங்கள். எந்த நேரத்திலும் மரத்துக்குள் 3 பற்களாவது இருக்க வேண்டும். அங்குலத்துக்கு 6 பல் உள்ள பிளேடு என்றால் 18 மி.மீ. பலகையில் 4 பல் இருக்கும். பல் மிக நெருக்கமாக இருந்தால் மரத்தூள் வெளியேற இடமில்லாமல் அடைத்து, பிளேடு சூடாகி, வழி மாறும்.

இத்தனைக்குப் பிறகும் விலகல் மிஞ்சலாம். பற்கள் ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாக வளைக்கப்பட்டிருக்கும். ஒரு பக்கத்துப் பற்கள் சற்றே கூர்மையாக இருந்தாலும் பிளேடு அந்தப் பக்கம் இழுக்கும். தடுப்புக்கட்டையை மேசைக்கு நேராகவே வைத்திருந்தால் மரம் கட்டையை விட்டு விலகும், அல்லது அதோடு இறுகி மாட்டிக்கொள்ளும்.

அளப்பது இப்படி. முதலில் மேல் சக்கரத்தின் சாய்வைத் திருகிச் சரிசெய்து, பிளேடை விளிம்பின் நடுவில் ஓடவிட வேண்டும். இதைப் பிறகு மாற்றினால் விலகலும் மாறிவிடும், எனவே வரிசை முக்கியம். பிறகு 30 செ.மீ. கழிவுப் பலகையில், நேரான விளிம்புக்கு இணையாகக் கோடு போடுங்கள். தடுப்புக்கட்டை இல்லாமல், கையால் மெதுவாகக் கோட்டைப் பின்பற்றி 20 செ.மீ. அறுத்ததும், பலகையை அசைக்காமல் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். பிளேடு முழுதாக நின்றபின் பலகையின் விளிம்பை ஒட்டி மேசையில் பென்சில் கோடு இழுங்கள். தடுப்புக்கட்டையை அந்தக் கோட்டுக்குத் திருப்பி இறுக்கினால் வேலை முடிந்தது. 200 மி.மீ. நீளத்தில் 4 மி.மீ. சாய்வு இருந்தால் டேன் மதிப்பு 0.02, கோணம் சுமார் 1.1 பாகை. திரிகோணமிதி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதோ ஓர் இடம்.

இவற்றை ஆசிரியரோ பொறுப்பாளரோ உடனிருக்கும்போது மட்டுமே செய்யுங்கள். திருகாணி எதையும் தொடும் முன் பிளக்கைப் பிடுங்க வேண்டும். கண்ணாடி அணியுங்கள், கையுறை வேண்டாம்: துணியைப் பிளேடு பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். கடைசிச் சில சென்டிமீட்டரைத் தள்ள விரல் கூடாது, குச்சிதான்.

இன்னொரு சோதனை பாக்கி. பிளேடு மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா? மூலைமட்டத்தை வைத்துப் பார்க்கலாம், ஆனால் அரைப் பாகை பிழை கண்ணுக்குத் தப்பிவிடும். 50 மி.மீ. உயரமுள்ள கட்டையை இரண்டாக அறுங்கள். ஒரு துண்டைத் தலைகீழாகப் புரட்டி, அறுத்த முகங்களைச் சமதளத்தில் ஒட்டி வையுங்கள். பிழை இரட்டிப்பாகும்: அரைப் பாகை ஒரு பாகையாகி, மேலேயோ கீழேயோ சுமார் 0.9 மி.மீ. இடைவெளி தெரியும். அதன் வழியே வெளிச்சம் வந்தால் மேசையின் திருகைச் சற்றே திருப்பி, மறுபடி அறுத்துப் பாருங்கள்.